மழை பெய்யாத நாட்டில் வெள்ளம்: வளைகுடாவில் வறியவர் குடியிருந்த நிலங்களின் கதை



இம்மாத வரலாற்று உரைக்கு வளைகுடா நாடுகளின் வெள்ளத்தை எடுத்துக்கொண்டேன். பாலைவனத்தில் ஏது வெள்ளம் என்று முன்பெல்லாம் கேட்பார்கள். 2024 ஏப்பிரல் 16ஆம் திகதிக்குப் பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்படிக் கேட்பவர் யாரும் இல்லை. அல் ஐன் பகுதியிலுள்ள கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் ஒரு நாள் முடிவதற்குள் 254.8 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 1949இல் பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து அந்த நாடு கண்டிராத மழை அது. டுபாய் விமான நிலையத்தில் விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிய படங்களைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனது உரை விமான நிலையத்தைப் பற்றியதல்ல. குறைந்த வாடகைக்கு வீடெடுத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் வெள்ளத்தின்போது எங்கே இருந்தார்கள், ஏன் அங்கே இருந்தார்கள், வெள்ளம் வடிந்தபின் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றியது. எங்கள் குடும்பங்களில் வளைகுடாவுக்கு ஒருவரையாவது அனுப்பாத குடும்பம் குறைவு. ஊரில் பிரச்சினை முற்றிய காலத்தில் அண்ணனோ மச்சானோ அங்கே உழைத்து அனுப்பிய காசில்தான் எங்களில் பலர் இங்கு வந்து சேர்ந்தோம். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர் பலர் அங்கே இருக்கிறார்கள். ஆகவே இது எங்கள் கதையும்தான்.

வாடி என்னும் காய்ந்த ஆறு

அரபு மொழியில் வாடி என்றொரு சொல் உண்டு. எங்கள் கடற்கரையில் மீன்பிடிக்காரர் போடுகிற வாடியை நினைத்துவிட வேண்டாம். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆற்றின் பெயர் அது. யாழ்ப்பாணத்து வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். கோடையில் அதைக் கடந்து போகிறவருக்கு அது ஆறென்றே தெரியாது. ஆனால் வழுக்கியாறு ஆண்டுதோறும் ஓடித் தன்னை நினைவூட்டிவிடும். வளைகுடாவின் வாடி பத்து, இருபது ஆண்டுகள் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஓடும். அதற்குள் அது ஆறு என்பதையே ஊர் மறந்துவிடும். காய்ந்த மணல் படுக்கை, சமமான தரை, மலிவான விலை. வீடு கட்டுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது காரணம் தரை. வளைகுடாக் கரையோரத்தில் பெருமளவு நிலம் எங்கள் ஊர்த் தரவை போன்ற உவர்நிலம். சில அடி தோண்டினாலே உப்புத் தண்ணீர் வந்துவிடும். மேலே விழுகிற மழைக்குக் கீழே இறங்க இடமில்லை. மணல் எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று நாம் எண்ணுவது அங்கே பலிக்காது.

பழைய காலத்து மக்கள் இதை அறிந்து வாழ்ந்தார்கள். கரையோர ஏழைகள் ஈச்சமட்டையால் கட்டிய பரஸ்தி வீடுகளில் இருந்தார்கள். மழை வந்தால் வீடு நனையும். ஆனால் ஆள்மேல் சுவர் விழாது. வெயில் அடித்தால் காய்ந்துவிடும், பிய்ந்தால் திரும்பக் கட்டலாம்.

மண் வீடு கட்டிய இடங்களில் கதை வேறு. குவைத்தில் 1934ஆம் ஆண்டுக்கு ஹதாமா என்று பெயர், இடித்தழித்த ஆண்டு என்பது பொருள். அந்த ஆண்டுப் பெருமழையில் மண் சுவர்கள் கரைந்து நகரத்தின் பல வீடுகள் விழுந்தன. 1954இல் மறுபடியும் அப்படியே நடந்தது. அதற்கு இரண்டாவது ஹதாமா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மூத்தவர்கள் 1964 புயலை வைத்து வயதுக் கணக்குச் சொல்வதுபோல, குவைத்து முதியவர்கள் ஹதாமாவை வைத்துக் கணக்குச் சொன்னார்கள்.

எண்ணெய்க் காசு கட்டிய நகரம்

இரண்டாவது ஹதாமா வந்தபோது குவைத்தில் எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கியிருந்தது. 1952இல் பிரித்தானியத் திட்டமிடலாளர்கள் நகரத்துக்குப் புதிய வரைபடம் போட்டார்கள். 1957இல் பழைய நகர மதில் இடிக்கப்பட்டது. நாட்டின் குடிமக்களுக்கு வெளிவட்ட வீதிகளை ஒட்டிப் புதிய புறநகர்களும் சீமெந்து வீடுகளும் கிடைத்தன. வேலைக்கு வந்த வெளிநாட்டவர் பழைய நகரத்திலும் ஹவாலி, சால்மியா போன்ற இடங்களிலும், பிற்காலத்தில் ஜிலீப் அல் ஷுயூக் என்ற நெரிசலான பகுதியிலும் வாடகைக்கு அமர்ந்தார்கள். ஜிலீப் என்றால் கிணறு. தண்ணீரை நம்பி ஊர் அமைந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்.

இந்தப் பிரிவு பிறகு வளைகுடா முழுவதிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அமைந்துவிட்டது. குடிமகனுக்கு நிலம், வெளிநாட்டவருக்கு வாடகை. வாடகைக்காரருக்கு எந்த நிலம் மிஞ்சுகிறதோ அதுதான் வீடு.

எண்பதுகளில் நான் அமீரகத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞராக இருந்தேன். வீதிப் படங்களில் கழிவுநீர்க் குழாய் இருக்கும், குடிநீர்க் குழாய் இருக்கும், மின்கம்பி இருக்கும். பல வீதிகளில் மழைநீர்க் கான் மட்டும் இருக்காது. ஊரில் வெள்ளவாய்க்காலுக்கு இடம்விட்டு வேலி போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது புதினமாக இருந்தது. மூத்த பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டேன். ஆண்டுக்கு மூன்று நான்கு நாள் மழைக்காக முந்நூற்றறுபது நாளும் மணல் அடைக்கிற கானைக் கட்டுவதைவிட, மழை பெய்யும் நாளில் பவுசர் லொறிகளை விட்டு உறிஞ்சுவது மலிவு என்றார். கணக்கு அன்றைக்குச் சரிதான். டுபாயில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழை சராசரியாக 100 மில்லிமீற்றரை எட்டுவதில்லை. ஆனால் நகரம் பத்து மடங்கு பெருத்தபிறகும் அந்தக் கணக்கு பல இடங்களில் மாறாமல் இருந்தது. மணலாக இருந்த இடமெல்லாம் தாரும் சீமெந்துமாக மாறின. விழுகிற துளி அத்தனையும் பள்ளத்தைத் தேடி ஓடத் தொடங்கியது.

2009: இரண்டு வெள்ளங்கள்

2009ஆம் ஆண்டை எங்களில் யாரும் மறக்க மாட்டோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் பெய்த மழையில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மலசலகூடக் குழிகள் பொங்கின. காட்டை வெட்டிச் சமப்படுத்திய நிலம், வடிகான் போதாது, உள்ளே இருப்பவர் வெளியே போகவும் முடியாது. தாழ்ந்த நிலம் என்பது ஒருவர் தெரிவுசெய்த இடமா, இருத்தப்பட்ட இடமா என்ற கேள்வி எங்களுக்குப் புத்தகத்தில் படித்த கேள்வி அல்ல.

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி, ஹஜ் தொடங்கிய நாளில், சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் நான்கு மணி நேரத்தில் சுமார் 90 மில்லிமீற்றர் மழை பெய்தது. அந்த நகரம் ஓராண்டில் காணும் மழையைப் போல ஏறத்தாழ இருமடங்கு. 120 பேருக்கு மேல் இறந்தனர். மிக மோசமாக அடிபட்டது கிழக்கே இருந்த குவைஸா என்ற பகுதி. அது வாடி கவ்ஸ் என்னும் காய்ந்த ஆற்றின் வழியில் கட்டப்பட்டிருந்தது. கிழக்கு மலைகளிலிருந்து இறங்குகிற வாடிகள் செங்கடலைத் தேடி ஓடுபவை. அந்த வழிகளில் வீடுகளும் வீதிகளும் நெடுஞ்சாலையும் எழும்பியிருந்தன. தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழியில்லை. அது வீடுகளுக்குள்ளும் வாகனங்களுக்குள்ளும் வழி தேடியது.

அந்தக் காலத்தில் ஜித்தாவின் பெரும்பாலான வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பும் இல்லை. பவுசர்கள் அள்ளிச் சென்ற கழிவு நகருக்குக் கிழக்கே ஒரு பெரிய ஏரியாகத் தேங்கியிருந்தது. மக்கள் அதற்குக் கேலியாகக் கஸ்தூரி ஏரி என்று பெயர் வைத்திருந்தார்கள். மழையில் அந்த அணை உடைந்துவிடுமோ என்று நகரமே பல நாட்கள் அஞ்சியது. பின்னர் அதை வற்றவைத்தார்கள்.

குவைஸாவில் வேலைசெய்த பாகிஸ்தானியர் ஒருவர், சுவாத் பகுதியைச் சேர்ந்த பர்மான் அலி கான், கயிற்றைக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிப் பதினான்கு பேரைக் கரைசேர்த்தார். அடுத்தவரைக் காப்பாற்றப் போனபோது வெள்ளம் அவரையும் கொண்டுபோயிற்று. சவூதி அரசு அவருக்கு மன்னர் அப்துல் அஸீஸ் பதக்கம் வழங்கியது. ஜித்தாவில் ஒரு வீதிக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் பெயர் அங்கே வீதிப் பலகையில் ஏறுவது அபூர்வம்.

மன்னர் அப்துல்லா விசாரணைக் குழு அமைத்தார். இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் றியால் என்று அறிவித்தார். அதிகாரிகள் பலர் வழக்குகளைச் சந்தித்தார்கள். 2011 ஜனவரியில் மறுபடி வெள்ளம் வந்து 10 பேர் வரை இறந்தனர். அதன்பின் அணைகளும் அகன்ற வெள்ளவாய்க்கால்களும் கட்டும் வேலை வேகமெடுத்தது. 2022 நவம்பர் 24ஆம் திகதி ஜித்தாவின் தெற்கே ஆறு மணி நேரத்தில் 179 மில்லிமீற்றர் பெய்தது. 2009ஐவிட அது பெரிய மழை, இறந்தவர்கள் இருவர். கானும் அணையும் எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

ஓமானும் அமீரகமும்

ஓமான் இந்தப் பாடத்தை 2007 ஜூனில் கோனு சூறாவளியில் படித்தது. மஸ்கட்டில் வாடிகள் பெருக்கெடுத்து வீதிகளை அள்ளிச் சென்றன; நாட்டில் ஏறக்குறைய 50 பேர் இறந்தனர். பின்னர் தலைநகரைச் சுற்றி வெள்ளத் தடுப்பு அணைகள் வந்தன. ஆனாலும் 2021 ஒக்டோபரில் ஷாஹீன் சூறாவளி வந்தபோது, ருசைல் கைத்தொழில் பகுதியில் தொழிலாளர் விடுதிமேல் குன்று சரிந்து ஆசியத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். அணை நகரத்தைக் காத்தது. விடுதியைக் குன்றின் அடியில் கட்டலாமா என்பது அணையால் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல.

2022 ஜூலையில் அமீரகத்தின் புஜைராவில் வெள்ளம். துறைமுகத்தில் இரண்டு நாளில் 255.2 மில்லிமீற்றர் பதிவாயிற்று. இறந்த ஏழு பேரும் ஆசிய நாட்டவர் என்று உள்துறை அமைச்சு அறிவித்தது. 2024 ஏப்பிரலில் அமீரகத்தில் இறந்த நால்வரில் மூவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர்.

2024 மழைக்குச் செயற்கை மழைதான் காரணம் என்று அப்போது ஒரு கதை பரவியது. உலக வானிலை ஆய்வாளர்கள் குழுவொன்று சில நாட்களிலேயே கணக்குப் பார்த்து, மேகத்தில் உப்புத் தூவியதற்கும் இதற்கும் சொல்லத்தக்க தொடர்பில்லை, எல் நினோ ஆண்டுகளில் அப்பகுதியின் கடும் மழை முன்பைவிட 10 முதல் 40 வீதம் வரை கனத்திருக்கிறது என்று சொன்னது.

அந்த வாரம் சார்ஜாவின் நிலையைக் கவனியுங்கள். டுபாயில் வேலைசெய்கிற குறைந்த வருமானக் குடும்பங்கள் பல, வாடகை மலிவு என்பதால் சார்ஜாவில் குடியிருக்கின்றன. அமீரகத்தில் குடும்பத்தைக் கூட்டிவர மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும் என்பது 2019இல் வந்த விதி. அந்த விளிம்பில் நிற்கிற குடும்பத்துக்கு முழு வீடு எடுக்கக் கட்டாது. ஒரு வீட்டைப் பலகை அடித்துப் பிரித்து ஆளுக்கொரு அறையாக இருப்பார்கள்.

அல் மஜாஸ், அல் காசிமியா போன்ற பகுதிகளில் மழை நின்று ஒரு வாரம் கழிந்தும் வீதியில் தண்ணீர் நின்றது. படகிலும் மிதவையிலும் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். தொண்டர்களாக வந்தவர்களில் பலர் அதே வெளிநாட்டவர்கள்தான். பத்தாம் மாடியில் இருப்பவருக்கு வெள்ளத்தால் என்ன என்று நினைக்கலாம். அந்தத் தொடர்மாடிகளில் மின்சாரப் பெட்டிகளும் நீரேற்றும் பம்பும் நிலக்கீழ்த் தளத்திலோ தரைத் தளத்திலோ இருக்கும். அங்கே தண்ணீர் ஏறினால் லிப்ட் நின்றுவிடும், குழாயில் தண்ணீர் வராது, குளிர்சாதனமும் இல்லை. பாலுக்கும் மருந்துக்கும் கைக்குழந்தையோடு பத்து மாடி இறங்கினாலும் கீழே இடுப்பளவு நீர். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குடும்பம் சிறைப்பட்டுவிட்டது.

எப்படிக் கட்டலாம்?

இந்த வரலாற்றில் வறியவருக்கான வெள்ளத்தைத் தாங்கும் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதும் அடங்கியிருக்கிறது. அது பெரிய வித்தை அல்ல.

முதலாவது, வாடியின் வழியை வெறுமையாக விடுவது. விளையாட்டு மைதானமாகவோ பூங்காவாகவோ கிடக்கட்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை அது ஆறாகட்டும். இரண்டாவது, மழைநீர்க் கானைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து பிரிப்பது. மூன்றாவது, மின்சாரத்தையும் பம்பையும் தரைக்கு மேலே ஏற்றுவது. இதற்குப் பெரிய செலவில்லை. வாகனம் நிறுத்த இரண்டு இடம் குறையும், அவ்வளவுதான். நான்காவது, ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் மேட்டு வீதிக்கு நனையாமல் போக ஒரு பாதையாவது வைப்பது.

பணம் இல்லாத நாடுகளும் அல்ல. டுபாய் 2024 ஜூனில் தஸ்ரீப் என்ற மழைநீர் வடிகால் திட்டத்தை அறிவித்தது. செலவு 30 பில்லியன் திர்ஹாம், முடிக்கும் ஆண்டு 2033. நகரின் வடிகால் கொள்ளளவை 700 வீதம் கூட்டுவது நோக்கம். கட்டாரின் டோஹாவில் 2018 ஒக்டோபரில் ஒரே நாளில் 84 மில்லிமீற்றர், அதாவது ஓராண்டு மழை, கொட்டியது. அங்கே முசைமீர் பகுதியிலிருந்து கடலடியில் சுமார் 10 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்க வாய்க்கால் அமைத்திருக்கிறார்கள். அதே கட்டார் 2015இல் சுமார் 70,000 தொழிலாளருக்கு, கடைகளும் கிரிக்கெட் மைதானமும் சேர்த்து, ஒரு தொழிலாளர் நகரத்தையே கட்டியது. குறைந்த சம்பளக்காரருக்குத் திட்டமிட்டு ஊர் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது தனி ஆண்களுக்கான ஊர். குடும்பமாக வாழ்கிற குறைந்த சம்பளக்காரர் பலருக்கு அப்படி ஒரு திட்டத்தில் இடமில்லை. அவர்கள் பழைய தொடர்மாடிகளில் தாங்களாகவே இடம் தேடிக்கொள்ள வேண்டியவர்கள்.

யாரைக் கணக்கில் எடுப்பது

2024 வெள்ளத்துக்குப் பின் அமீரக அமைச்சரவை வீடுகள் சேதமானவர்களுக்கு 2 பில்லியன் திர்ஹாம் ஒதுக்கியது. அது குடிமக்களின் வீடுகளுக்கான பணம். அந்த நாட்டில் வாழ்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் வெளிநாட்டவர்.

ஜித்தாவில் 2021 ஒக்டோபர் தொடக்கம் அறுபதுக்கு மேற்பட்ட பழைய குடியிருப்புப் பகுதிகளை இடித்துத் தள்ளினார்கள். திட்டமில்லாமல் வளர்ந்த பகுதிகள் என்பது சொல்லப்பட்ட காரணம். அங்கு இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டவர். நட்டஈட்டுத் திட்டத்தில் வெளிநாட்டவர் சேர்க்கப்படவில்லை என்று 2022இல் சர்வதேச மன்னிப்புச் சபை கண்டித்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஆபத்தான நிலத்தில் இருந்து மக்களை எடுப்பதும் சில நேரம் சரியான வேலைதான். ஆனால் எடுத்த மக்களுக்கு மேட்டு நிலத்தில் இடம் கொடுக்காவிட்டால், அவர்கள் அடுத்த பள்ளத்துக்குத்தான் போவார்கள். குடியிருப்பு நகர்கிறது, வெள்ளமும் கூடவே நகர்கிறது.

வளைகுடா அரசுகளைக் குறைசொல்லிவிட்டு நாங்கள் நல்லவர்களாகிவிட முடியாது. ஊரிலும் குளத்தைத் தூர்த்து, வெள்ளவாய்க்காலை மறித்து வீடு கட்டுகிறோம். வெளிநாட்டுக் காசில் மதில் எழுப்பும்போது அயலவரின் தண்ணீர் எங்கே போகும் என்று பார்ப்பவர் சிலரே.

கடைசியாக, அங்கே உறவினர் இருக்கிற நேயர்களுக்கு. வீடு மாறப் போகிறேன் என்று உங்கள் தம்பியோ மருமகளோ தொலைபேசியில் சொன்னால், வாடகையை மட்டும் கேட்காதீர்கள். 2024 ஏப்பிரலில் அந்த வீதியில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். மின்சார அறையும் பம்பும் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று காவலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். வாடகைப் பத்திரத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலகை அறையில் இருப்பவரின் பெயர் அநேகமாக எந்தப் பத்திரத்திலும் இருப்பதில்லை. வெள்ளம் வரும் நாளில் மீட்க வருகிறவருக்கு அந்த வீட்டில் எத்தனை பேர் என்றே தெரியாது. கடவுச்சீட்டையும் பிள்ளைகளின் பத்திரங்களையும் ஒரு தண்ணீர் புகாத பையில் போட்டு, கையெட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஓடத் தெரிந்த சனம் நாங்கள். இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.